விட்டுச் சுடும் பறவைகள்: பொது நிலத்தில் ஃபெசன்ட் வேட்டை குறித்த நூற்றாண்டு விவாதம்

அமெரிக்காவின் கிழக்கு, நடுமேற்கு மாநிலங்களில் இலையுதிர் காலம் வந்ததும் வனவிலங்குத் துறையின் லாரிகள் பொது வேட்டை நிலங்களை நோக்கிப் புறப்படுகின்றன. அவற்றில் ஏற்றப்பட்டிருப்பவை, பண்ணையில் பொரித்து வலைப்பந்தலுக்குள் நாலைந்து மாதம் வளர்த்த ஃபெசன்ட் பறவைகள். புல்வெளி ஓரத்தில் பெட்டிகளின் மூடி திறக்கிறது. சில பறவைகள் விர்ரென்று எழும்பிப் பறக்கின்றன. சில திகைத்து நின்று, பிறகு நடந்தே புதருக்குள் நுழைகின்றன. ஓரிரு நாளில், சில இடங்களில் மறுநாள் விடியும்போதே, ஆரஞ்சு நிற மேலுடையும் துப்பாக்கியும் நாயுமாக வேட்டைக்காரர்கள் வந்துவிடுகிறார்கள். எந்த நிலத்தில் எப்போது பறவை விடப்படும் என்ற அட்டவணையைப் பல மாநிலங்களில் துறையே முன்கூட்டி வெளியிடுகிறது. இதை வனவிலங்குப் பாதுகாப்பின் ஒரு பகுதி என்று சொல்வதா, அரசு நடத்தும் பொழுதுபோக்கு என்பதா, பொது நிலத்தையும் பொதுப் பணத்தையும் தவறாகச் செலவிடுவது என்பதா? நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இதற்கு விடைகள் வந்துகொண்டிருக்கின்றன. ஒன்றோடொன்று பொருந்தாத விடைகள் அவை.

ஃபெசன்ட், மயிலும் நம் காட்டுக்கோழியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. சேவலின் கழுத்தில் வெள்ளை வளையம், உடலில் செம்பும் பொன்னும் கலந்த இறகுகள், நீண்ட வால். பெட்டை காய்ந்த புல்லின் நிறம். கருங்கடலின் கிழக்குக் கரையிலிருந்து சீனா, கொரியா வரை இயல்பாக வாழும் இந்தப் பறவை அமெரிக்காவுக்கு அந்நியம். அந்நியப் பறவை ஒன்றைப் பொதுச் சொத்தாகக் கருதி, அரசே வளர்த்து, அரசு நிலத்தில் விட்டு, குடிமக்களைச் சுட அனுமதிப்பதுதான் இங்கே ஆராயப்படும் நடைமுறை. இந்த விவாதம் தீராமல் இழுபடுவதற்கு ஒரு முக்கியக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழைந்து கிடப்பது. விட்ட பறவை இனம் பெருக்குமா? வேட்டைக்காரருக்கு அது நியாயமான சேவையா? அது விடப்படும் நிலத்துக்கு என்ன நேர்கிறது? முதல் கேள்விக்கு ஏறக்குறைய உறுதியான விடை கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு நிபந்தனையுடன் கூடிய விடை சொல்லலாம். மூன்றாவதுதான் அதிகம் கேட்கப்படாதது, ஆனால் பொது நிலம் என்பதால் முதலில் கேட்கப்பட்டிருக்க வேண்டியது.

வெற்றியிலிருந்து பிறந்த நம்பிக்கை

பறவையை விட்டால் பெருகும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனையில் பிறந்ததன்று. ஷாங்காயில் அமெரிக்கக் கான்சல் ஜெனரலாக இருந்த ஓவன் டென்னி 1881இல் அனுப்பிய ஃபெசன்டுகளில் பெரும்பாலானவை பயணத்தில் மடிந்தன. 1882இல் அனுப்பியவை ஆரிகன் மாநிலத்தின் வில்லமெட் பள்ளத்தாக்கில் விடப்பட்டு, யாரும் எதிர்பாராத வேகத்தில் பெருகின. பத்தே ஆண்டில், 1892இல், அங்கே முதல் வேட்டைப் பருவம் திறக்கப்பட்டது. முதல் நாளில் மட்டும் ஐம்பதாயிரம் பறவைகள் சுடப்பட்டதாக அந்த மாநிலத்தில் இன்றும் சொல்கிறார்கள். தெற்கு டகோட்டாவின் ஸ்பிங்க் மாவட்டத்தில் 1908, 1909 வாக்கில் விடப்பட்ட பறவைகளும் அப்படியே வேரூன்றின. அங்கே 1919இல் ஒரே ஒரு நாள் வேட்டை அனுமதிக்கப்பட்டது. ஏறக்குறைய 200 பறவைகள் கிடைத்தன. 1940களின் நடுவில் அம்மாநிலத்தில் 1.6 கோடிப் பறவைகள் இருந்ததாக மதிப்பிடுகிறார்கள். 1943இல் அது மாநிலப் பறவையாகவும் அறிவிக்கப்பட்டது.

இத்தகைய வரலாற்றைக் கண்ட மற்ற மாநிலங்கள், விட்டதால் வந்தது என்ற முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. பென்சில்வேனியா, நியூயார்க், விஸ்கான்சின், நியூஜெர்சி என்று மாநிலத்துக்கு மாநிலம் அரசுப் பண்ணைகள் எழுந்தன. ஆனால் வில்லமெட்டிலும் டகோட்டாவிலும் பறவை விடப்பட்ட காலத்தையும் கவனிக்க வேண்டும். சிறு சிறு வயல்கள், வேலி ஓரத்துப் புதர்கள், தரிசாகக் கிடந்த மூலைகள், களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் எட்டிப்பார்க்காத கோதுமைக் காடுகள் என்று நிலம் அந்தப் பறவைக்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. விடப்பட்டது ஒப்பீட்டளவில் கொஞ்சப் பறவைகள்தாம். கோடிகளை உண்டாக்கியது நிலம். இந்த வேறுபாட்டைப் பண்ணைகளைக் கட்டியவர்கள் அன்று பார்க்கவில்லை. பறவை எண்ணிக்கை சரியத் தொடங்கியபோது, இன்னும் கூடுதலாக விட வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றிய மருந்து.

பெருகுமா என்ற கேள்வியும் கிடைத்த விடையும்

பண்ணைப் பறவை வெளியே விடப்பட்ட பின் என்ன ஆகிறது என்பதை, கழுத்தில் ரேடியோ கருவி மாட்டி அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பலமுறை தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 1982இல் தொடங்கப்பட்டு, ஃபெசன்ட் வேட்டைக்காரர்களையே உறுப்பினர்களாகக் கொண்ட ‘ஃபெசன்ட்ஸ் ஃபாரெவர்’ அமைப்பு தொகுத்துச் சொல்லும் கணக்கு இது: விட்ட முதல் வாரம் முடியும்போது சராசரியாக 60 சதவீதம் உயிரோடு இருக்கும், ஒரு மாதத்தில் அது 25 சதவீதம் ஆகிவிடும், குளிர்காலத்தைக் கடப்பவை பெரும்பாலும் 5 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. வேட்டையை நேசிப்பவர்களே தரும் கணக்கு என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு. இடாஹோவில் காட்டுப் பெட்டைகளைப் பிடித்து வேறிடத்தில் விட்டும், பண்ணைப் பெட்டைகளை விட்டும் ஒப்பிட்டபோது, காட்டுப் பெட்டைகளே மிகுதியாகப் பிழைத்து, மிகுதியாகக் குஞ்சு பொரித்தன. சுவீடனிலும் தெற்கு டகோட்டாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டிய திசையும் அதுவே.

காரணங்கள் மர்மமானவை அல்ல. இயற்கையில் ஃபெசன்ட் குஞ்சு முதல் சில வாரங்கள் பெரும்பாலும் பூச்சிகளைத் தின்றே வளர்கிறது. தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டால் அசையாமல் பதுங்குகிறது. பண்ணையில் பொரிப்பகக் கருவியில் பொரிந்த குஞ்சுக்குத் தாய் கிடையாது. உணவு தொட்டியில் தூளாக வருகிறது. நெருக்கத்தில் ஒன்றையொன்று கொத்திவிடாமல் இருக்க, அலகின் மேல் சிறு பிளாஸ்டிக் மறைப்பை மாட்டுகிறார்கள்; அதனால் பறவைக்கு நேர் முன்னே பார்ப்பது தடைபடுகிறது. தரையிலேயே உறங்கப் பழகிய பறவை வெளியே வந்த முதல் இரவிலும் தரையிலேயே உறங்குகிறது. நரிக்கும் ஆந்தைக்கும் அதுவே போதும். இந்தக் குறைகளைச் சரிசெய்ய முடியாதா என்று கேட்பது நியாயம். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தில் ஜோவா மேடனும் சகாக்களும் குஞ்சுகளுக்கு ஏறி அமரக் கிளைகளும், விதை, பழம், புழு என்று பலவகை உணவும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். அப்படி வளர்ந்தவை இரவில் மரமேறின, மற்றவற்றைவிடக் கூடுதலாகப் பிழைத்தன. பயனுள்ள முடிவுதான். ஆயினும் அது பிழைப்பு விகிதத்தை உயர்த்தும் வழியே அன்றி, இல்லாத வாழிடத்தை உண்டாக்கும் வழி அல்ல.

ஆகவே பறவை விடுவதால் காட்டு ஃபெசன்ட் மீண்டும் பெருகும் என்ற பழைய நிலைப்பாட்டை இன்று எந்த மாநிலத் துறையும் நேரடியாகக் காப்பாற்றுவதில்லை. அவர்களுடைய வேட்டை விதியிலேயே இதற்கான சான்று இருக்கிறது. காட்டு ஃபெசன்ட் வாழும் தெற்கு டகோட்டா போன்ற இடங்களில் சேவலை மட்டுமே சுடலாம். ஒரு சேவல் பல பெட்டைகளுடன் கூடும். சேவல்களில் பெரும்பகுதி போனாலும் அடுத்த ஆண்டின் குஞ்சுகள் குறையா என்பதே அந்த விதியின் அடிப்படை. பண்ணைப் பறவை விடப்படும் பல பொது நிலங்களிலோ, பென்சில்வேனியாவின் பெரும்பகுதியிலும் விஸ்கான்சினின் சில இடங்களிலும், பெட்டையையும் சுட அனுமதி உண்டு. அடுத்த வசந்தத்தில் அங்கே கூடு கட்ட எதுவும் மிஞ்சும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதைத்தான் அந்த அனுமதி சொல்கிறது.

வாழிடமே முதல் என்ற கட்சி

அமெரிக்க வனவிலங்கு மேலாண்மைத் துறையின் முன்னோடியான ஆல்டோ லியோபோல்ட், 1933இல் வெளியிட்ட ‘கேம் மேனேஜ்மென்ட்’ நூலிலேயே இந்த விவாதத்தின் மறுபக்கத்தை அமைத்துவிட்டார். வேட்டைப் பறவை எந்த அளவுக்குச் செயற்கையாக உருவாக்கப்படுகிறதோ அந்த அளவுக்கு அதன் பொழுதுபோக்கு மதிப்பும் குறையும் என்பது அவர் வாதம். அவர் தலைமையேற்று 1930இல் உருவாக்கிய தேசிய வேட்டைக் கொள்கையும், பண்ணைகளை நம்பி இராமல் நிலத்தைச் சீர்படுத்துவதையே நடுவில் வைத்தது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான கலால் வரியை ஒதுக்கித் தந்ததால் மாநிலங்களுக்கு நிலையான நிதி கிடைத்தது. பொது நிலம் வாங்கவும் பராமரிக்கவும் அது உதவியது.

இந்தக் கட்சியின் மிக வலுவான சான்று அமெரிக்க வேளாண் கொள்கையின் ஏற்ற இறக்கத்திலேயே இருக்கிறது. விளைநிலத்தைப் பத்துப் பதினைந்து ஆண்டு தரிசாக, புல்வெளியாக விட்டுவைக்கும் உழவருக்கு அரசு வாடகை தரும் திட்டம் 1985இல் தொடங்கியது. 2007இல் அதில் சேர்ந்த பரப்பு 3.68 கோடி ஏக்கர் என்ற உச்சத்தைத் தொட்டது. அதே ஆண்டு தெற்கு டகோட்டாவில் மட்டும் ஏறக்குறைய 21 இலட்சம் ஃபெசன்டுகள் வேட்டையில் கிடைத்தன. பிறகு மக்காச்சோளம், சோயா விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த புல்வெளிகள் உழவுக்குத் திரும்பின. 2013இல் அங்கே கிடைத்த பறவைகள் பத்து இலட்சத்துக்கும் கீழே போய்விட்டன. ஆளுநர் அதற்கென்றே ஹூரான் நகரில் வாழிட மாநாடு ஒன்றைக் கூட்டினார். அந்த ஆண்டின் சரிவில் வறட்சிக்கும் குளிர்ந்த வசந்தத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறக்கக்கூடாது. ஆனால் பத்துப் பதினைந்து ஆண்டுப் போக்கைப் பார்த்தால் புல் இருந்தபோது பறவை இருந்தது, புல் போனபோது பறவையும் போனது.

இந்தக் கட்சியிடமும் பலவீனம் இருக்கிறது. அதன் ஆதரவாளர்கள் அதைப் போதிய அளவு ஒப்புக்கொள்வதில்லை என்பது என் கணிப்பு. வாழிடத்தைச் சீர்படுத்தினால் பறவை வரும் என்பது டகோட்டாவுக்குப் பொருந்தும் அளவுக்குக் கிழக்கு மாநிலங்களுக்குப் பொருந்துமா? பென்சில்வேனியாவில் 1971இல் 13 இலட்சம் ஃபெசன்டுகள் வேட்டையில் கிடைத்தன. அவை வாழ்ந்தது தனியார் பண்ணைகளின் ஓரங்களில். அந்தப் பண்ணைகள் பெரிய வயல்களாகவும் குடியிருப்புகளாகவும் சாலைகளாகவும் மாறிவிட்டன. தீவனப்புல்லைப் பெட்டை அடைகாக்கும் காலத்திலேயே அறுக்கிறார்கள். மாநிலத்திடம் இருக்கும் ஏறக்குறைய 15 இலட்சம் ஏக்கர் வேட்டை நிலத்தில் பெரும்பகுதி மலைக்காடு. அதில் எவ்வளவு பாடுபட்டாலும் ஃபெசன்ட் வாழும் வயல்வெளி உருவாகாது. இதைத் துறையே சோதித்தும் பார்த்தது. 2007 முதல் தெற்கு டகோட்டா, மொன்டானா மாநிலங்களில் பிடித்த காட்டுப் பறவைகளைக் கொண்டுவந்து, தேர்ந்தெடுத்த சில பகுதிகளில் விட்டு, அங்கே வேட்டையையும் பண்ணைப் பறவையையும் தடைசெய்தது. மத்திய சஸ்குவெஹன்னா பகுதி நம்பிக்கை தந்தது. மற்றவை எதிர்பார்த்தபடி வளரவில்லை. பல்லாயிரம் ஏக்கர் பரந்த நிலத்தில் ஒரே மனதாக உழவர்கள் ஒத்துழைத்தால்தான் இது கைகூடும் என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது. எனவே எந்த இடத்திலும் பண்ணையை மூடி வாழிடத்தை வளர்த்தால் போதும் என்று சொல்வது, செய்ய முடியாததைச் செய்யச் சொல்வதாக ஆகிவிடலாம்.

சேவை என்ற வாதம்

பெருக்கம் என்ற நோக்கம் கைவிடப்பட்டபின், பண்ணைகளை நடத்தும் மாநிலங்கள் முன்வைப்பது வேறு வாதம். இது வேட்டைக்காரருக்கு அரசு செய்யும் சேவை. ஏரியில் மீன் விட்டு, உரிமம் வாங்கியவர்களைப் பிடிக்கச் சொல்வதுபோல், பிடிப்பதற்காகவே விடப்படும் பறவை இது என்கிறார்கள். இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. பிரிட்டனில் ஃபெசன்ட் வேட்டை என்பது பெரும்பாலும் தனியார் எஸ்டேட்டுகளில், ஒரு நாளுக்குப் பெருந்தொகை கொடுத்து நடப்பது. அமெரிக்கக் கிழக்கு மாநிலங்களின் பொது நிலத்திலோ, ஆலைத் தொழிலாளியும் ஓய்வூதியரும் ஒரு சிறு கட்டணத்தில் நாயைக் கூட்டிக்கொண்டு போய்வர முடிகிறது. தனியார் நிலங்களில் நுழைவுத் தடைப் பலகைகள் கூடிக்கொண்டே போகும் நாட்டில் அது சாதாரணமான விஷயமன்று. மலைச்சரிவு ஏற முடியாத முதியவர்களுக்கு, நாய்க்குப் பயிற்சி தருபவர்களுக்கு, முதன்முதலாகத் துப்பாக்கி ஏந்தும் சிறுவர்களுக்கு இதைவிட எளிய வாய்ப்பு அருகில் இல்லை. வனவிலங்கு எல்லாருக்கும் சொந்தம் என்ற அமெரிக்க மரபின் நீட்சியாகவே இதை அவர்கள் பார்க்கிறார்கள்.

சேவை என்று ஒப்புக்கொண்டால், அதன் கணக்கையும் சேவையாகவே பார்க்க வேண்டும். யார் பணம் தருகிறார்கள், அந்தப் பணத்தில் வேறு என்ன செய்திருக்க முடியும் என்ற கேள்விகள் எழுகின்றன. பென்சில்வேனியா இங்கே நல்ல பாடம். வேட்டை உரிமக் கட்டணம் 1999க்குப் பின் உயராமல் இருந்ததால் துறை பணமுடையில் சிக்கி, 2016 டிசம்பரில் தன் நான்கு ஃபெசன்ட் பண்ணைகளில் இரண்டை மூடியது. ஊழியர்கள் வேலை இழந்தனர். 2017 முதல் முட்டையிடும் கூட்டங்களைத் தானே வைத்திராமல், ஒருநாள் குஞ்சுகளைத் தனியாரிடம் வாங்கி வளர்க்கத் தொடங்கியது. அந்த ஆண்டே ஃபெசன்ட் வேட்டைக்கென்று 26.90 டாலர் தனி அனுமதிச்சீட்டையும் கொண்டுவந்தது. அதற்குப் பின்னும் ஆண்டுக்கு இரண்டு இலட்சத்தை ஒட்டிய பறவைகள் விடப்படுகின்றன. விஸ்கான்சினில் பாய்னெட் பண்ணையிலிருந்து ஆண்டுக்குப் பல்லாயிரம் பறவைகள் போகின்றன. அங்கே ஃபெசன்ட் வேட்டைக்கென்று தனி முத்திரை வாங்க வேண்டும். மிஷிகன் நெடுங்காலம் கழித்து 2019இல் மீண்டும் பறவை விடத் தொடங்கி, 2021இல் 25 டாலர் தனி உரிமத்தைச் சேர்த்தது. பயன்பெறுபவரே செலவைத் தாங்கட்டும் என்ற திசையில் மாநிலங்கள் நகர்வது தெரிகிறது. நியாயமான திசை என்றே கருதுகிறேன். மான் வேட்டைக்காரரும், பறவையைப் பார்க்க மட்டுமே வருபவரும் செலுத்தும் பணத்தில் ஃபெசன்ட் பண்ணை ஓடுவதற்குச் சொல்லக்கூடிய காரணம் எதுவும் இல்லை.

இந்தக் கட்சி கூறும் இரண்டு துணைவாதங்களைத் தனியே எடைபோட வேண்டும். ஒன்று, ஆள்சேர்ப்பு. அமெரிக்காவில் வேட்டைக்காரர் எண்ணிக்கை குறைந்துவருகிறது. 2016ஆம் ஆண்டின் மத்திய அரசுக் கணக்கெடுப்பில் அது 1.15 கோடி. அவர்கள் செலுத்தும் கட்டணமும் வரியுமே மாநில வனவிலங்குத் துறைகளின் முதுகெலும்பு. ஆகவே விட்ட பறவையால் ஒரு சிறுவன் வேட்டைக்காரனானால், நாளை அவன் பணத்தில் நிலம் காக்கப்படும் என்கிறார்கள். காட்டு ஃபெசன்ட் ஏராளமாக உள்ள மொன்டானாவிலேயே இந்தக் காரணத்தைச் சொல்லி 2021இல் சட்டம் இயற்றி, டீர் லாட்ஜ் நகரில் உள்ள மாநிலச் சிறையில் கைதிகளைக் கொண்டு ஃபெசன்ட் வளர்க்கத் தொடங்கினார்கள். அந்தப் பணத்தை வாழிடத்துக்குச் செலவிடலாமே என்ற எதிர்ப்பும் உடனே எழுந்தது. இலக்கு நல்லது, ஆனால் பறவை விட்ட நாளில் வந்த சிறுவர்கள் பத்து ஆண்டு கழித்தும் உரிமம் வாங்குகிறார்களா, பறவை விடாவிட்டால் வாங்கியிருக்க மாட்டார்களா என்பதைப் பிரித்துக் காட்டும் சான்றில்லாமல் இந்த வாதத்துக்கு முழு மதிப்பெண் தர இயலாது. லாரி வந்த இடத்தில் பறவை கிடைக்கும் என்று கற்றுக்கொண்டவர், லாரி வராத இடத்துக்குப் போவாரா என்ற சந்தேகமும் நியாயமானதே.

இன்னொரு வாதம், பண்ணைப் பறவை காட்டுப் பறவையின் மீதான வேட்டைச் சுமையைக் குறைக்கிறது என்பது. மேலோட்டமாகப் பொருத்தமாகத் தோன்றினாலும், நடைமுறை இதற்கு நேர்மாறாகவும் அமையலாம். பறவை விடப்படும் நிலத்துக்குத்தான் கூட்டம் வருகிறது. அங்கே மிஞ்சியிருக்கும் காட்டுப் பறவையும் அதே துப்பாக்கிகளின் முன் அகப்படுகிறது. பெட்டையையும் சுடலாம் என்ற விதி இருந்தால் காட்டுப் பெட்டையும் தப்பாது. பென்சில்வேனியா தன் காட்டு ஃபெசன்ட் மீட்புப் பகுதிகளில் பண்ணைப் பறவையை அடியோடு தடைசெய்ததை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இரண்டையும் ஒரே நிலத்தில் வைக்க முடியாது என்பதைத் துறையே தன் செயலால் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

நிலத்துக்கு என்ன ஆகிறது

பொது நிலம் வேட்டைக்காரருக்கு மட்டும் சொந்தமானதன்று. ஆனால் அந்த நிலத்தில் அந்நியப் பறவையைக் கூட்டமாக விடுவதால் என்ன விளைகிறது என்பதை மாநிலங்கள் முறையாக மதிப்பிட்ட சந்தர்ப்பங்கள் அரிது. மதிப்பிட்டே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்திய ஒரு வழக்கு நன்கு அறியப்பட்டது. மாசசூசெட்ஸின் கேப் காட் தேசியக் கடற்கரை 1961இல் உருவாக்கப்பட்டபோதே அங்கே வேட்டைக்கு இடம் தரப்பட்டிருந்தது. மாநிலத் துறை அதன் புதர்வெளிகளில் ஆண்டுதோறும் ஃபெசன்ட் விட்டுவந்தது. விலங்குரிமை அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், சுற்றுச்சூழல் பாதிப்பை ஆராயாமல் வேட்டைத் திட்டத்தைத் தொடர்ந்தது தவறு என்று மத்திய நீதிமன்றம் 2003இல் தீர்ப்பளித்தது. அதன்பின் தேசியப் பூங்காத் துறை நடத்திய ஆய்வு 2007இல் முடிந்தது. அந்நிய உயிரினத்தைப் பூங்கா நிலத்தில் வளர்ப்பது துறையின் கொள்கைக்கே முரண் என்பதால், ஃபெசன்ட் விடுவதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தவும், மண்ணுக்குரிய காட்டு வான்கோழி வேட்டைக்கு இடமளிக்கவும் முடிவு செய்யப்பட்டது. அந்த முடிவு வேட்டையை ஒழிக்கவில்லை. செயற்கை வேட்டையிலிருந்து இயல்பான வேட்டைக்கு மாற வழி செய்தது. வேட்டை ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் இந்த வேறுபாட்டைப் போதிய அளவு கவனிக்கவில்லை.

பொது நிலம் என்ற காரணத்துக்காகவே இன்னொரு அரசும் இதே போன்ற முடிவுக்கு வந்தது. வேல்ஸ் நாட்டில் பொதுக் காடுகளை மேலாண்மை செய்யும் அமைப்பு, அக்காடுகளை ஃபெசன்ட் வேட்டைக்குக் குத்தகை விடுவதைக் கைவிட 2018இல் முடிவெடுத்தது; தன் நிலத்தில் பொழுதுபோக்குக்காகப் பறவை சுடுவதை வேல்ஸ் அரசு ஆதரிக்காததே அதற்குக் காரணம். கேப் காட் முடிவு சூழலியலை அடிப்படையாகக் கொண்டது. வேல்ஸ் முடிவில் பொது நெறி குறித்த அரசியல் கருத்தே முன்னின்றது. முதலாவதைச் சான்றால் விவாதிக்கலாம். இரண்டாவதை வாக்காளர்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டையும் கலந்து பேசுவது இந்த விவாதத்தில் அடிக்கடி நடக்கும் பிழை.

சூழலியல் சான்றுகள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வருகின்றன. காரணம், அங்கே ஆண்டுக்கு மூன்று கோடிக்கும் மேல் ஃபெசன்ட் விடப்படுகிறது. மேடனும் ரூஃபஸ் சேஜும் 2020இல் வெளியிட்ட தொகுப்பாய்வின்படி, தரைச் செடிகள் அழிவது, மண்ணில் சத்து கூடிக் களை மிகுவது, பூச்சிகள் குறைவது போன்ற கேடுகள் பெரும்பாலும் பறவை விடப்படும் இடத்தைச் சுற்றிய சில நூறு மீட்டருக்குள் அடங்குகின்றன. அதே வேளையில் வேட்டைக்காகப் பராமரிக்கப்படும் காடும் வேலிப் புதரும் வேறு பறவைகளுக்குப் பயன்படுகின்றன. ‘வைல்ட் ஜஸ்டிஸ்’ அமைப்பின் சட்டப் போராட்டத்துக்குப் பின், பாதுகாக்கப்பட்ட சில இயற்கைப் பகுதிகளிலும் அவற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் பறவை விட இங்கிலாந்தில் 2021 முதல் உரிமம் தேவைப்பட்டது. அமெரிக்கப் பொது நிலத்தில் ஓர் இடத்தில் விடப்படும் எண்ணிக்கை இதைவிட மிகவும் குறைவு. விட்ட பறவை நீண்டநாள் பிழைப்பதும் இல்லை. ஆகவே பிரிட்டிஷ் முடிவுகளை அப்படியே அங்கே ஏற்றிவைப்பது தவறாகும். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்ல முடியாது. இல்லினாய் மாநிலத்தின் ஜாஸ்பர் மாவட்டத்தில் எஞ்சியிருந்த பெரும் புல்வெளிக் கோழிகளின் கூடுகளில் ஃபெசன்ட் பெட்டைகள் முட்டையிட்டன. ஃபெசன்ட் குஞ்சு முன்னதாகப் பொரிந்துவிடுவதால், தாய் தன் சொந்த முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடும். அந்த ஃபெசன்டுகள் பண்ணையில் வளர்ந்தவை அல்ல, வேரூன்றிய காட்டுப் பறவைகள். ஆனாலும், எந்த நிலத்தில் எந்தப் பறவை விளிம்பில் நிற்கிறது என்பதைப் பார்க்காமல் அந்நியப் பறவையை விடுவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தச் சான்று உணர்த்துகிறது. எண்ணிக்கையைவிட இடமே இங்கே முக்கியம்.

பறவையின் பக்கம்

சுடப்படாத பறவையும் ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் இறந்துவிடும் என்பது அறநெறிக் கேள்வியையும் எழுப்புகிறது. பென்சில்வேனியாவில் பறவைகளுக்குக் கால்வளையம் மாட்டி எடுத்த பழைய கணக்குகளின்படி, விட்டவற்றில் ஏறக்குறைய பாதியே வேட்டைக்காரர் கைக்கு வருகின்றன. மற்றவை குளிருக்கும் நரிக்கும் சாலைக்கும் இரையாகின்றன. தப்பிக்க நியாயமான வாய்ப்பு உள்ள உயிரைத்தான் வேட்டையாடலாம் என்பது வேட்டைக்காரர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட நெறி. அஞ்சக் கற்றுத்தராமல் வளர்த்த பறவைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கிறதா என்ற கேள்விக்கு, தட்டில் வரும் கோழிக்கு அதுவும் இல்லையே என்பது வழக்கமான பதில். அந்தப் பதில் இறைச்சி பற்றிய விவாதத்துக்குப் பொருந்தும். இறைச்சிக்காக அன்றி விளையாட்டுக்காக என்று சொல்லிக்கொள்ளும் ஒரு செயலுக்குப் பொருந்துவதாக எனக்குப் படவில்லை. குறைந்தபட்சம் வளர்ப்பு முறையை எக்ஸெட்டர் ஆய்வுகள் காட்டிய வழியில் மாற்றுவது, பறவை விடும் எந்த அரசுக்கும் உள்ள கடமை.

முடிவாகாதவை

இதுவரை கிடைத்த சான்றின்படி, பண்ணைப் பறவையைக் கொண்டு காட்டு இனத்தை மீட்கும் நோக்கம் தோற்றுவிட்டது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். அதற்கென்று இனியும் பொதுப் பணம் கேட்பது ஏற்கத்தக்கதல்ல. சேவை என்ற முறையில், பயன்படுத்துபவரே செலவைத் தாங்கினால், காட்டு ஃபெசன்ட் வாழவே முடியாத நிலங்களில், மண்ணுக்குரிய தரைப்பறவைகள் கூடுகட்டாத இடங்களில் இதற்கு இடம் உண்டு. அந்த மூன்று நிபந்தனைகளையும் இன்றைய திட்டங்களில் எத்தனை நிறைவேற்றுகின்றன என்பது வெளிப்படையான கணக்காக மாநிலங்களிடமிருந்து வரவில்லை.

வேறு சிலவும் தீராமல் இருக்கின்றன. திடீரென்று வந்திறங்கும் எளிய இரை நரி, ரக்கூன் போன்றவற்றைப் பெருக்கி, வசந்தத்தில் மற்றப் பறவைகளின் கூடுகளுக்கு ஊறு செய்கிறதா என்பது அமெரிக்க நிலங்களில் சரிவர அளக்கப்படாத கேள்வி. 2022இல் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல் பிரான்ஸின் பண்ணைகளைத் தாக்கியதால், பிரிட்டனுக்குக் குஞ்சுகள் வருவது தடைபட்டது. வளர்ப்புப் பறவைக்கும் காட்டுப் பறவைக்கும் இடையே இந்த நோய் எந்தத் திசையில், எவ்வளவு கடக்கிறது என்பது தெளிவானால், அனுமதி பற்றிய மொத்தக் கணக்கும் மாறக்கூடும். சஸ்குவெஹன்னாவில் காட்டுப் பறவைகள் உழவரின் அடுத்த தலைமுறையையும் தாண்டி நிற்குமா என்பதற்கு இன்னும் காலம் விடை சொல்லவில்லை. அது நிற்குமானால், கிழக்கே வாழிடக் கட்சிக்கு எதிராக நான் மேலே வைத்த தடையின் பெரும்பகுதி விழுந்துவிடும். அதுவரை கேப் காட்டில் நீதிமன்றம் கேட்ட மதிப்பீட்டை, வழக்கு வருவதற்குக் காத்திராமல், பறவை விடப்படும் ஒவ்வொரு பொது நிலத்துக்கும் மாநிலங்கள் தாமே செய்து வெளியிடலாம். அதற்கான பணமும் ஆளும் பண்ணைகளை நடத்தும் அதே துறைகளிடமே இருக்கின்றன.